ஐட்டம்: சுண்ணாம்புக்கல்

அரியலூருக்கு வெளியே கல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஒரு யார்டில், எடை மேடையை ஒட்டி ஒரு தகரக் கூண்டு. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரகரவென்று சுற்றும் ஒரு மின்விசிறி, அப்புறம் வெற்றிச்செல்வி. லாரி மேடையில் ஏறி நின்றதும் எடையைப் பார்த்து, வண்டி நம்பரைத் தட்டி, சீட்டை அச்செடுத்து ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். அதுதான் அவள் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் அவள் சீட்டுக் கொடுக்காமல் ஒரு கல் அந்த யார்டைத் தாண்டாது.

சீட்டில் ஐந்தே வரி. வண்டி எண், காலி எடை, லோடு எடை, ஐட்டம், ஆபரேட்டர். ஐட்டம் என்ற இடத்தில் 'சுண்ணாம்புக்கல்' என்று விழும். ஆபரேட்டர் என்ற இடத்தில் 'அ. வெற்றிச்செல்வி' என்று விழும். அ என்றால் அரியமுத்து; கல் லோடு ஏற்றி ஏற்றியே முதுகு வளைந்துபோன அவளுடைய அப்பா. சீட்டு வாங்குகிறவர்கள் எடையை மட்டும் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொள்வார்கள். கடைசி வரியைப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். இரண்டு வருடமாகப் பார்த்தும் அவளுக்கு அது அலுக்கவில்லை. அவளுக்கு முன்பு அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை.

யார்டு சூப்பர்வைசர் செல்லப்பன். ஐம்பதைத் தாண்டியவர். ஆள் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிவந்து கொடுப்பார். ஆனால் கையில் மைக் வந்துவிட்டால் அவருக்கு நாக்கு தரையில் நிற்காது. "நாப்பத்தி ரெண்டு பதினாறு, மாமியார் வூட்டுல தூங்குற மாதிரி தூங்குறியே, மேடைக்கு வா" என்பார். யார்டே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே அவர் மைக்கைக் கீழே வைக்கமாட்டார்.

ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி. நாற்பது வண்டி வரிசையில் நின்றது. பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டதால் கொஞ்சம் தாமதம். பேப்பரை எடுத்துவிட்டு வெற்றிச்செல்வி நிமிர்ந்தபோது ஒலிபெருக்கியில் செல்லப்பன் குரல் கேட்டது.

"கூண்டுல ஐட்டம் சும்மாதான் உக்காந்திருக்கு. போய்ச் சீட்ட வாங்கிக்கங்கடா."

யார்டு முழுக்கச் சிரிப்பு. எவனோ ஒருவன் ஹாரனை இரண்டு தடவை அடித்தான்.

மதியத்துக்குள் ஒரு டிரைவர், "ஐட்டம், சீட்டு குடு" என்றான். மறுநாள் ஐந்து பேர். மூன்றாம் நாள் அதுவே அவள் பெயராகிவிட்டது. நான்காம் நாள், சீட்டை வாங்கிய ஒருவன் சீட்டோடு சேர்த்து அவள் விரலையும் பிடித்துக்கொண்டான். வெடுக்கென்று இழுத்ததில் ஜன்னல் கம்பியில் புறங்கை சிராய்த்து ரத்தம் துளிர்த்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பேர் போய்விட்டால் அடுத்தது கைதான் வரும். இனி ஒன்று அந்த வார்த்தை யார்டை விட்டுப் போகவேண்டும், இல்லையென்றால் அவள் போகவேண்டும்.

யார்டில் டீ ஊற்றும் கொளஞ்சி, தன் புடவை முந்தானையைக் கிழித்து அவள் கையில் கட்டிவிட்டாள்.

"காதுல வாங்காத ஆயி. உன் வயசுல என்னையும் என்னென்னமோ கூப்புட்டானுவ. இப்ப ஆயாங்குறானுவ. வயசானா தானா சரியாப் போயிடும்."

"அதுக்கு இன்னும் முப்பது வருசம் இருக்குக்கா."

"அதுவும் சரிதான்" என்று கொளஞ்சி டீத்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் வெற்றிச்செல்வி கலெக்டர் ஆபீஸ் எதிரே இறங்கினாள். அங்கே வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதுகிறவர் அய்யம்பெருமாள். முத்து முத்தான கையெழுத்து. எந்த வழக்காக இருந்தாலும் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். அவளுக்கும் எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி செல்லப்பன் என்பவர் என்னைத் தகாத வார்த்தைகளால் அழைத்து, மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாக்கினார்.' கையெழுத்துப் போட்டு அதை யார்டு முதலாளி ராஜராஜனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முதலாளி படித்தார். செல்லப்பனைக் கூப்பிட்டார்.

"யோவ், இந்தப் புள்ளய நீ தகாத வார்த்தை பேசினியாமே?"

செல்லப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. "நானா? எங்க கொலசாமி மேல சத்தியமா சொல்றேங்க. அம்மா, அக்கான்னு இழுத்து ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வந்திருந்தா நாக்கு அழுவிப் போவட்டும்."

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் சங்கடம். தகாத வார்த்தை என்றால் அவருக்குத் தெரிந்தது அம்மா, அக்காவை இழுப்பதுதான். அப்படி அவர் யாரையும் பேசியதில்லை.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "என்ன வார்த்தைம்மா பேசினாரு? சொல்லு."

வெற்றிச்செல்வி வாயைத் திறந்தாள். தினம் இருநூறு தடவை சீட்டில் அச்சாகிற வார்த்தை. ஆனால் தன்னைப் பற்றியது என்று அதைச் சொல்ல வந்தபோது வாய் வரவில்லை. இரண்டு ஆண்கள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"சத்தியமே பண்ணிட்டாரு. விடும்மா, போய் வேலையப் பாரு" என்றார் முதலாளி.

அன்று மாலை பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்தபோது அவளுக்குத் தன்மேல்தான் கோபம். செல்லப்பன் மேலே கூட அவ்வளவு இல்லை. ஒரு வார்த்தை. நாலே எழுத்தில் வாயில் உருளுகிற ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதைச் சொல்லத் துணியாமல் நின்றுவிட்டாளே.

பக்கத்தில் லப்பைக்குடிக்காட்டுக்குப் போகிற ஒரு அம்மா, மடி நிறையப் பையோடு உட்கார்ந்திருந்தார். மகன் துபாயிலிருந்து வந்திருக்கிறானாம். அரியலூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு திரும்புகிறாராம். "எல்லாம் ஃபாரின் ஐட்டம் கண்ணு. இந்த சோப்ப மோந்து பாரு, மாஷா அல்லா, வூடே மணக்கும்" என்று ஒன்றை எடுத்து அவள் மூக்கில் வைத்தார். முன் சீட்டில் ஒரு சமையல்காரர் போனில், "இருவத்தோரு ஐட்டம் போட்டாத்தான் எல பாக்க எடுப்பா இருக்கும்ங்க" என்று யாருக்கோ பந்தியை விரித்துக்கொண்டிருந்தார். பின்னால் கல்லூரிப் பையன்கள் ஒரு சினிமாவில் வந்த ஐட்டம் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் குரலைத் தாழ்த்தி, போன வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஐட்டம் வைத்திருந்தவனைப் போலீஸ் பிடித்துப்போன கதையைச் சொன்னான், அது கஞ்சா.

வெற்றிச்செல்வி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சோப்பும் அதுதான், சாம்பாரும் அதுதான், பாட்டும் கஞ்சாவும் அதுதான். ஊரே கூசாமல் சொல்கிறது. கூசியவள் அவள் மட்டும்தான்.

அவள் கணவன் இளவரசனுக்குப் பெரம்பலூர் துறைமங்கலத்தில் பைக் ரிப்பேர் கடை. அவள் வீட்டுக்கு வந்தபோது போனில் பேசிக்கொண்டிருந்தான். "டூப்ளிகேட் வேணாம்ணே, ஒரிஜினல் ஐட்டமா அனுப்புங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நடந்ததை முழுக்கச் சொன்னாள். கைக்கட்டையும் காட்டினாள். அவன் போனைக் கீழே வைத்தான்.

"வேலைய விட்டுடு செல்வி. நாளைக்கே நின்னுடு."

"நின்னா?"

"வேற வேல பாத்துக்கலாம்."

"நாளைக்கு அந்த நாக்காலிக்கு இன்னொருத்தி வருவா. நான் போனா அவளுக்கு என் பேரு மிஞ்சாது, இந்தப் பேருதான் மிஞ்சும். நா நிக்கமாட்டேன்."

இளவரசன் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரி. என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன். இனிமே நானும் அந்த வார்த்தைய சொல்லல. சாமான்னே சொல்றேன்."

"அதுக்கும் ஊர்ல வேற அர்த்தம் இருக்கு" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பத்து பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடமென்றால் மாவட்டத்தில் இதற்கென்று இருக்கும் குழுவிடம் மனு கொடுக்கலாம் என்றாள். "அவர் சொன்னதை அப்படியே எழுதுங்க" என்று கடைசியாக ஒன்று சொன்னாள்.

மறுநாள் மறுபடியும் வேப்பமரத்தடி. அவள் கேட்டதைக் கேட்டதும் அய்யம்பெருமாள் பேனாவை மூடிவிட்டார்.

"தாயி, மனுன்னா ஒரு மரியாத இருக்கு. அடிச்சாருன்னு எழுதலாம், கடிச்சாருன்னு எழுதலாம். கெட்ட வார்த்தைய எழுதினா அது அதிகாரி மேசையில நம்ம வாய்லேருந்து விழுந்த மாதிரி ஆயிடும். அதுக்குத்தான் 'தகாத வார்த்தை'ன்னு ஒண்ண வச்சிருக்கோம். முப்பது வருசமா இந்தக் கை ஒரு கெட்ட வார்த்த எழுதினதில்ல."

"உங்க 'தகாத வார்த்தை'ய வச்சித்தாங்கய்யா அவரு சத்தியம் பண்ணித் தப்பிச்சிட்டாரு."

"அது அவரு சாமத்தியம்."

மேசையில் மனுக் காகிதங்களுக்குக் கீழே இன்னொரு தாள் எட்டிப் பார்த்தது. அதே முத்துக் கையெழுத்து. 'வளைகாப்புக்கு வாங்க வேண்டிய ஐட்டங்கள்' என்று தலைப்புப் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தது.

"இது யாரோட மனுங்கய்யா?"

"இதுவா, எம் பொண்ணுக்கு வர்ற வெள்ளிக்கெழம வளைகாப்பு. லிஸ்ட்டு."

"இதுல கெட்ட வார்த்தை எழுதியிருக்கீங்களே. கோடு வேற போட்டிருக்கீங்க."

அய்யம்பெருமாள் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"என் கை வராது. நீயே எழுது. தேதி எங்க போடணும், கையெழுத்து எங்க போடணும்னு நா காட்டுறேன்."

அவள் எழுதினாள். கோணல் மாணலான எழுத்து. 'ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு. யார்டு மைக்கில் நாற்பது வண்டிக்காரர்களுக்குக் கேட்கும்படி செல்லப்பன் என்னை ஐட்டம் என்றார். அன்று முதல் எல்லோரும் என்னை ஐட்டம் என்கிறார்கள். சோப்பை ஐட்டம் என்கிறார்கள், சாம்பாரை ஐட்டம் என்கிறார்கள், கஞ்சாவையும் ஐட்டம் என்கிறார்கள். நான் இவற்றில் எதுவும் இல்லை. என் பெயர் வெற்றிச்செல்வி.' அந்த வார்த்தையை ஐந்து தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குழுவுக்கு அனுப்பினாள்.

மூன்று வாரத்தில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. அந்த மூன்று வாரமும் அவள் ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போனாள். சீட்டைக் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஜன்னல் பலகையில் வைத்து மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். எடுத்துக்கொள்ளட்டும்.

குழுவுக்குத் தலைவர் மேகலா என்ற வக்கீல் அம்மா. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். செல்லப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அண்ணன் மகனுடைய இங்கிலீஷ் டிக்ஷனரியோடு வந்திருந்தார். அதில் ஒரு பக்கத்துக்கு அடையாளமாக ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

"மனுல எழுதியிருக்குற வார்த்தைய நான் சொன்னேங்க மேடம். மறுக்கல" என்றார். "ஆனா அதுல கெட்டதே இல்லைங்க. டிக்ஷனரிலயே இருக்கு. நீங்களே பாருங்க."

மேகலா புத்தகத்தை வாங்கி, பஸ் டிக்கெட் இருந்த பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்துத் தமிழில் சொன்னார். "பட்டியலில் உள்ள ஒரு பொருள். சரி. அப்புறம், பத்திரிகையில் வரும் ஒரு செய்தித் துணுக்கு. சரி." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "பேச்சு வழக்கில், காதலிக்கும் ஜோடி. 'அவங்க ரெண்டு பேரும் ஒரு ஐட்டம்'னு இங்கிலீஷ்காரங்க சொல்வாங்களாம். நீங்க இதுல எதைச் சொன்னீங்க செல்லப்பன்?"

செல்லப்பனுக்கு வியர்த்துவிட்டது. "மூணாவது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா மொதலாவதுதாங்க. நம்ம எடைச் சீட்டுலயே இருக்குற வார்த்தைங்க அது. வாய்க்குப் பழக்கமாயிடுச்சு."

அதற்குத்தான் வெற்றிச்செல்வி காத்திருந்தாள். ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒரு எடைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அந்தத் திங்கட்கிழமை பத்து மணிச் சீட்டின் நகல்.

"அவரு சொல்றது சரிதாங்க மேடம். இதுல ஐட்டம்னு ஒரு எடம் இருக்கு. வாங்குறது, ஏத்துறது, எடை போட்டுக் கொண்டுபோய்க் கொட்டுறது, அதெல்லாம் அங்க வரும். சுண்ணாம்புக்கல். ஆளுக்கு, அதுக்குக் கீழ வேற எடம் இருக்கு, ஆபரேட்டர்னு. அங்க என் பேரு இருக்கு. பக்கத்துல, ஆபீஸ்ல நிக்கிற இந்த நகல்ல, சூப்பர்வைசர்னு கையெழுத்துப் போட்டிருக்கிறது இவருதான். ரெண்டு வருசமா தெனம் போடுறாரு. எந்த எடத்துல எது வரணும்னு இவருக்குத் தெரியாதா?"

செல்லப்பன் சீட்டை எடுத்துப் பார்த்தார். தன் கையெழுத்தையே முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார். டிக்ஷனரியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்மா? அவரை வேற யார்டுக்கு மாத்தச் சொல்லணுமா?" என்று கேட்டார் மேகலா.

"மாத்த வேணாங்க. அங்கயும் ஒரு மைக் இருக்கும். எந்த மைக்ல சொன்னாரோ அதே மைக்ல, அதே பத்து மணிக்கு, வண்டியெல்லாம் நிக்கையில தப்புன்னு சொல்லட்டும். என்ன சொன்னாருன்னும் சொல்லட்டும்."

செல்லப்பன் தலையாட்டினார். குழு அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கியது. விரலைப் பிடித்ததையும் அவள் சொல்ல, அந்த டிரைவரை இனி யார்டுக்குள் விடக்கூடாது என்று முதலாளிக்குத் தனியாகக் கடிதம் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை. பத்து மணி. வரிசையில் முப்பத்தெட்டு வண்டி. மேடையில் முழு லோடோடு ஒரு லாரி ஏறி நின்றது. வெற்றிச்செல்வி நம்பரைத் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கொளஞ்சி டீத்தூக்கைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பார்த்து நின்றாள்.

செல்லப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தொண்டையைச் செருமினார். மைக் கீச்சிட்டது.

"மேற்படி யார்டில் பணிபுரியும் வெற்றிச்செல்வி என்பவரைத் தகாத வார்த்தையால் அழைத்து மன உளைச்சல் ஏற்படுத்தியமைக்கு இதன் மூலம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்."

'மேற்படி' என்றதுமே அது அந்த முத்து முத்தான கையெழுத்து என்பது கூண்டிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவரும் அந்த வேப்பமரத்தடிக்குத்தான் போயிருக்கிறார்.

தாளை மடித்து வைத்துவிட்டு, "ம், சீட்டக் குடும்மா" என்றார் செல்லப்பன்.

அவள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

மேடையில் நின்ற டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, கம்ப்யூட்டர் போயிடுச்சா?"

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்குண்ணே. அவரு இன்னும் முடிக்கல."

பின்னால் ஒரு ஹாரன். அப்புறம் நாலு. வரிசை யார்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று. செல்லப்பன் மைக்கைப் பிடித்தபடியே கூண்டைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரில் எடை எண் ஆடாமல் நிற்பதற்குக் காத்திருப்பாளே, அப்படிப் பார்த்தாள். ஐந்து நிமிடம் போயிற்று. மின்விசிறி கரகரவென்று சுற்றியது.

"சொல்லிட்டுப் போவியா, எங்க பொழப்பக் கெடுக்குறியே" என்று வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். அவளைப் பார்த்து இல்லை; அவரைப் பார்த்து.

செல்லப்பன் தாளைக் கசக்கிப் பையில் போட்டார். மைக்கை வாயருகே கொண்டுபோனார். இந்தத் தடவை குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"வெற்றிச்செல்விய நான் இந்த மைக்ல ஐட்டம்னு சொன்னேன். உங்களச் சிரிக்க வைக்கச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தப்பு." வரிசையைப் பார்த்து, "நீங்களும் சொல்லாதீங்கடா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. கொளஞ்சி மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு டீத்தூக்கை எடுத்தாள்.

வெற்றிச்செல்வி பொத்தானை அழுத்தினாள். பிரிண்டர் சரசரவென்று ஓடியது. சீட்டைக் கிழித்தாள். பலகையில் இருந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கொடுத்தாள். டிரைவர் ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டார். எடையைப் பார்த்தார். அப்புறம் கண் கீழே இறங்கிக் கடைசி வரிக்குப் போயிற்று.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. சிலர் மேடம் என்றார்கள், சிலர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போனார்கள். ஒருவன் பழக்கத்தில் "ஐட்..." என்று ஆரம்பித்து, விழுங்கி, "ஐயோ, சீட்டு குடுங்க" என்று முடித்தான். அவள் கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி மறுபடியும் கரகரத்தது.

"நாப்பத்தி ரெண்டு பதினாறு, தூங்கினது போதும், மேடைக்கு வா. சீட்ட வெற்றிச்செல்விகிட்ட வாங்கிக்க."